குடியம் மலைநடை

குடியம் மலைநடை என்பது, திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டிக்கு அருகே உள்ள குடியம் என்னும் சிற்றூரிலிருந்து அல்லிக்குழி மலைத்தொடரின் காட்டு வழியே குடியம் குகைகளுக்குச் சென்று திரும்பும் ஒரு நாள் நடைப்பயணம் ஆகும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய சென்னையின் மேற்குப் புறநகர்களில் வாழ்வோர் காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பக்கூடிய தொலைவில் உள்ள மலைப்பாதைகளுள் இது குறிப்பிடத்தக்கது. உயரத்தால் இது பெரிய மலை அன்று. பழங்கற்கால மனிதர் பயன்படுத்திய குகைகள் இருப்பதாலும், காப்புக்காட்டு வழியே அனுமதியுடன் மட்டுமே செல்ல வேண்டியிருப்பதாலும் இது தனித்துவம் பெறுகிறது. தமிழ்நாடு வனத்துறை 2024-ஆம் ஆண்டு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் திருவள்ளூர் மாவட்டத்திற்கு உரிய பாதையாகக் குடியம் குகைப் பாதை இடம்பெற்றது.

சொல் விளக்கம்

மலையேற்றம் என்ற சொல் இன்று இரண்டு வேறு செயல்களைக் குறிக்கிறது. கயிறு, ஆணி, பனிக்கோடரி முதலிய கருவிகளின் துணையால் செங்குத்தான பாறைகளிலும் பனிச்சிகரங்களிலும் ஏறுவது ஒன்று. காலால் நடந்தே செல்லத்தக்க மலைச்சரிவுகளிலும் காட்டுப் பாதைகளிலும் பொழுதுபோக்காகவும் உடல்நலத்திற்காகவும் நடப்பது மற்றொன்று. பேச்சுவழக்கில் டிரெக்கிங் எனப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையே. வேறுபாடு தெளிவாக விளங்க, இக்கட்டுரையில் அது மலைநடை என்று குறிக்கப்படுகிறது.

தமிழருக்கு மலையில் நடப்பது புதிதன்று. சங்க இலக்கியம் மலையும் மலை சார்ந்த இடத்தையும் குறிஞ்சி எனத் தனித் திணையாக வகுத்தது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னன் என்னும் மன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தரை ஆற்றுப்படுத்தும் நூல். 583 அடிகளைக் கொண்ட இந்நூல், வழியில் எங்கு உணவு கிடைக்கும், எங்குப் பாம்பு இருக்கும், எந்த இடம் வழுக்கும் என்று ஒரு வழிகாட்டியைப் போல எடுத்துரைக்கிறது. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம், வெள்ளியங்கிரி, சதுரகிரி, பருவதமலை ஆகியவற்றுக்கான ஏற்றம் எனப் பக்தி சார்ந்த மலைநடை இன்றும் தொடர்கிறது. வார விடுமுறையில் இயற்கையைக் காண்பதற்காகவே நடக்கும் பழக்கம், நகரங்களில் அண்மைக் காலத்தில்தான் பரவலானது.

அமைவிடமும் செல்லும் வழியும்

குடியம் சென்னைக்கு வடமேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அம்பத்தூர், ஆவடி மக்கள் சென்னை சென்ட்ரல் – அரக்கோணம் புறநகர் மின்தொடரில் ஏறித் திருவள்ளூரில் இறங்கலாம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி 1856-ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பகுதியை நோக்கி ஓடியதும் இந்தத் தடத்தில்தான். பூந்தமல்லியிலிருந்து வருவோர் திருமழிசை வழியாகச் சாலையில் திருவள்ளூரை அடையலாம். அங்கிருந்து பூண்டிக்குப் பேருந்து உண்டு. பூண்டிக்கு அப்பால் பேருந்துகள் குறைவு. எனவே திரும்பும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

பூண்டி நீர்த்தேக்கம் கொசத்தலையாற்றின் குறுக்கே கட்டப்பட்டு 1944-இல் பயன்பாட்டுக்கு வந்தது. சென்னை மாநகர மேயராக இருந்து அதற்காக முயன்ற சத்தியமூர்த்தியின் நினைவாகச் சத்தியமூர்த்தி சாகர் எனப் பெயர் பெற்றது. இதன் முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. புறநகர் வீடுகளின் குழாயில் வரும் நீரில் ஒரு பகுதி இங்கிருந்தே செல்கிறது.

பாதையும் பாறையும்

குடியம் ஊரைக் கடந்ததும் முட்புதர்க் காடு தொடங்குகிறது. அங்கிருந்து குகைகள் வரை மூன்று, நான்கு கிலோமீட்டர் நடக்க வேண்டும். பெரும்பகுதி மண்ணும் கூழாங்கல்லும் கலந்த ஏற்ற இறக்கமான வழி. நிழல் குறைவு. காலடியில் உருளும் வழவழப்பான கற்கள் நடப்பவருக்கு முதல் சிரமம். அக்கற்களே இந்த மலையின் வரலாற்றுக்குத் திறவுகோலும் ஆகும்.

அல்லிக்குழி மலை கருங்கல் மலை அன்று. பல கோடி ஆண்டுகளுக்கு முன், கிரீத்தேசியக் காலத்தில், நீரோட்டங்கள் உருட்டிக் கொண்டுவந்த குவார்ட்சைட் கூழாங்கற்கள் மணலோடு சேர்ந்து படிந்து இறுகி உருவான திரட்டுப்பாறையால் ஆனது. நிலவியலார் இதனைச் சத்தியவேடு பாறைத்தொகுதி என்பர். ஒரு பாறையை அருகில் சென்று பார்த்தால், சிறிதும் பெரிதுமான உருண்டைக் கற்கள் அதில் பதிந்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். மழையும் வெயிலும் பாறையின் உறுதி குறைந்த பகுதிகளை அரிக்கும்போது, கூழாங்கற்கள் கழன்று சரிவில் பரவுகின்றன. மேலுள்ள உறுதியான அடுக்கு கூரைபோல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. குடியத்தில் குகை எனப்படுபவை இவ்வாறு உருவான பாறை ஒதுக்கிடங்களே. உள்ளே நெடுந்தொலைவு செல்லும் சுரங்கங்கள் அல்ல.

குகைகளும் தொல்லியலும்

இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூஸ் ஃபூட், 1863-ஆம் ஆண்டு மே 30 அன்று சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழங்கற்காலம் இருந்தது என்பதற்கு முதல் சான்றாக அது அமைந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொசத்தலையாற்றுப் பகுதியில் அத்திரம்பாக்கம் என்னும் இடத்தில் ஏராளமான கற்கருவிகளைக் கண்டனர். அல்லிக்குழி மலையின் குகைகளும் அக்காலத்திலேயே ஃபூட்டின் கவனத்துக்கு வந்தன.

குடியம் குகைகளில் இந்தியத் தொல்லியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த கே. டி. பானர்ஜி 1960-களின் தொடக்கத்தில் அகழாய்வு நடத்தினார். பழங்கற்காலக் கருவிகள் முதல் நுண்கற்கருவிகள் வரை வெவ்வேறு காலங்களைச் சேர்ந்தவை கிடைத்தன. மனிதர் ஒரே இடத்தில் நெடுங்காலம் குடியிருந்ததைவிட, காலந்தோறும் வந்து தங்கிச் சென்றிருக்கவே வாய்ப்பு மிகுதி எனக் கருதப்படுகிறது. கருவி செய்யத் தேவையான குவார்ட்சைட் கல் காலடியிலேயே கிடைத்தது. ஒதுங்க இடமும் இருந்தது. தாழ்நிலத்தில் ஆறு ஓடியது.

குடியத்தைப் பற்றிப் பேசும்போது அத்திரம்பாக்கத்தின் காலக்கணிப்பை இதற்கும் பொருத்திச் சொல்லும் வழக்கம் உள்ளது. இரண்டையும் பிரித்தறிதல் வேண்டும். அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் சாந்தி பப்பு தலைமையிலான குழுவினர் அகழாய்வு செய்தனர். அங்குள்ள அச்சூலியன் வகைக் கருவிகளின் காலம் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என 2011-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. அங்கு இடைப் பழங்கற்காலத் தொழில்நுட்பம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என 2018-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. இக்காலக்கணிப்புகள் அத்திரம்பாக்கத்தின் மண் அடுக்குகளுக்கு உரியவை. குடியம் அதே ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த மற்றொரு தொல்லிடம்.

குகையில் ஊர்மக்கள் வழிபடும் அம்மன் கோயில் உள்ளது. நடைப்பயணிக்கு இது சுற்றுலா இடம், ஆய்வாளருக்குத் தொல்லிடம், ஊராருக்கு வழிபாட்டுத் தலம். இம்மூன்றையும் நினைவில் வைத்து நடந்துகொள்வதே முறை.

கல்லை ஏன் எடுக்கக் கூடாது

இப்பாதையில் கிடக்கும் ஆயிரக்கணக்கான கற்களில் பெரும்பாலானவை இயற்கையாக உடைந்தவை. சில மட்டுமே மனிதன் செதுக்கியவை. செதுக்கிய கல்லில் ஒரே திசையில் அல்லது ஒழுங்கான வரிசையில் சில்லுகள் பெயர்ந்த தழும்புகள் இருக்கும். இதனைப் பயிற்சி பெற்ற கண்ணே உறுதியாகச் சொல்ல முடியும்.

ஒரு கற்கருவியின் மதிப்பு அந்தக் கல்லில் மட்டும் இல்லை. அது எந்த இடத்தில், எந்த மண் அடுக்கில், வேறு எந்தக் கற்களோடு கிடந்தது என்பதே அதன் காலத்தையும் பயனையும் சொல்கிறது. ஒருவர் அதை நினைவுப்பொருளாக எடுத்து வந்து அலமாரியில் வைத்தால், கல் இருக்கும், செய்தி அழிந்துவிடும். பின்னர் அதைத் திரும்பக் கொண்டுபோய்ப் போட்டாலும் அந்தச் செய்தி மீளாது. ஆகவே ஐயத்துக்குரிய கல்லைக் கண்டால் தொடாமல், பக்கத்தில் ஒரு அளவுகோலையோ நாணயத்தையோ வைத்து ஒளிப்படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பதே சரியான வழி. பாறையில் பெயர் கீறுவதும் வண்ணம் பூசுவதும் இதே வகைச் சேதங்களே.

அனுமதி ஏன் தேவைப்படுகிறது

தமிழ்நாட்டின் மலைகளில் பெரும்பகுதி காப்புக்காடுகள். 1882-ஆம் ஆண்டின் சென்னைக் காடுகள் சட்டம், இன்று தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரில் நடைமுறையில் உள்ளது. காப்புக்காட்டில் அத்துமீறி நுழைவது அச்சட்டப்படி குற்றம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயங்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் மேலும் கட்டுப்பாடுகளை விதித்தது. ஆயினும் பல ஆண்டுகள் நகரக் குழுக்கள் பல இடங்களில் முறையான அனுமதி இன்றியே சென்று வந்தன.

2018-ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் போடிக்கு அருகே குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக் கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் சிக்கினர். சென்னை உள்ளிட்ட ஊர்களிலிருந்து சென்ற அவர்களில், மருத்துவமனையில் இறந்தோர் உட்பட 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல் நிறைந்த சரிவு, கோடைத் தொடக்கம், வீசிய காற்று, தப்பிச் செல்லத் தெளிவான வழியின்மை ஆகியவை ஒன்றுசேர்ந்தன. சரிவான நிலத்தில் தீ மேல்நோக்கி மிக விரைவாகப் பரவும். மனிதனோ மேல்நோக்கி மெதுவாகவே ஏற முடியும். இந்த எளிய உண்மையை அறியாததே மலைத்தீயில் பலருக்கு ஆபத்தாகிறது. தீ இருக்கும் திசையையும் காற்றின் திசையையும் கவனித்து, மரஞ்செடி இல்லாத வெறும் பாறைப் பகுதிக்கோ ஏற்கெனவே எரிந்து அணைந்த நிலத்துக்கோ செல்வதே அத்தகைய நிலையில் பாதுகாப்பு.

இந்நிகழ்வுக்குப் பின் அரசு அதே ஆண்டில் மலையேற்றத்துக்கான ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு மலையேற்றத் திட்டம் தொடங்கப்பட்டது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள் எளிது, மிதமானது, கடினம் என வகைப்படுத்தப்பட்டன. இணையவழி முன்பதிவு கட்டாயம். காட்டையொட்டிய ஊர்களைச் சேர்ந்தோரும் பழங்குடியினரும் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக உடன் வருகின்றனர். 18 வயதுக்கு உட்பட்டோர் பெற்றோரின் ஒப்புதலுடன் செல்ல வேண்டும். கட்டணம், நாள், பாதை திறந்துள்ளதா என்பன மாறக்கூடியவை. ஆதலால் புறப்படும் முன் அரசின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கட்டணமும் வழிகாட்டியும் வீண்செலவு என்று கருதுவோர் உண்டு. வழிகாட்டிக்குத் தெரிந்தவை கைப்பேசி வரைபடத்தில் இல்லை. எந்த ஓடையில் இப்போது நீர் உள்ளது, எந்தப் புதரில் தேன்கூடு கட்டியுள்ளது, மழை வந்தால் எந்த வழி முதலில் அடைபடும் என்பதை அவ்வூரார் அறிவர். அவருக்குக் கிடைக்கும் கூலி, காட்டைப் பாதுகாப்பதில் ஊருக்கு ஒரு பங்கையும் தருகிறது.

பிரித்தானியாவுடன் ஒப்பீடு

வார இறுதியில் மலைநடை செல்லும் வழக்கம் ஒரு மக்கள் இயக்கமாகவே வளர்ந்த நாடு பிரித்தானியா. மான்செஸ்டர், செஃபீல்டு ஆகிய ஆலை நகரங்களின் தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் புகையை விட்டு அருகிலுள்ள மேட்டுநிலங்களுக்கு நடக்கச் சென்றனர். அந்நிலங்கள் பெருநிலக்கிழார்களின் வேட்டைக் காடுகளாக இருந்தமையால் தடுக்கப்பட்டனர். 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலத்தில் சில நூறு பேர் தடையை மீறி ஏறினர். அவர்களில் ஐவர் சிறை சென்றனர். 1949-இல் தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் வந்தது. 1951-இல் அப்பகுதியே பீக் டிஸ்ட்ரிக்ட் என்னும் முதல் தேசியப் பூங்காவாயிற்று. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்சிலும் வரையறுக்கப்பட்ட திறந்தவெளி நிலங்களில் நடக்கும் உரிமையை வழங்கியது.

சென்னையின் மேற்குப் புறநகரும் தொழிலாளர் ஊர்தான். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் 1960-களில் அமைந்தன. இங்கும் ஒரு வார உழைப்புக்குப் பின் மரநிழலும் திறந்தவெளியும் தேவைப்படுகின்றன. ஆனால் பிரித்தானிய முறையை அப்படியே இங்குக் கோருவது பொருந்தாது. அங்குள்ள மேட்டுநிலங்களில் யானை, கரடி, சிறுத்தை இல்லை. இங்குள்ள காடு பல உயிர்களின் இருப்பிடம், பல மக்களின் வாழ்விடம், நீர்ப்பிடிப்பு நிலம். அங்கு நடப்பவரின் உரிமைக்காக வழக்காட வேண்டியிருந்தது. இங்கு நடப்பவரின் நன்னடத்தையே பாதை திறந்திருப்பதற்கு உறுதி. ஒரு விபத்தோ ஒரு தீயோ ஒரு பாதையை மட்டுமன்றி மாநிலம் முழுவதும் உள்ள பாதைகளை மூடிவிட முடியும் என்பதைக் குரங்கணி காட்டியது.

ஏற்ற காலமும் நேரக் கணக்கும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல் எச்சரிக்கை உள்ள நாட்களில் செல்லலாகாது. மழை ஓய்ந்த பின் டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி தொடக்கம் வரை மிக ஏற்ற காலம். பிப்ரவரி நடுப்பகுதியிலிருந்து காட்டுத்தீ அபாயம் தொடங்குவதால் வனத்துறை பாதைகளை மூடுவது உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் நிழலற்ற இப்பாதையில் நடப்பது உடலுக்குத் தீங்கு.

நடைநேரத்தைக் கணிக்க நெய்ஸ்மித் விதி பயன்படும். வில்லியம் நெய்ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் இதனை வகுத்தார். மெட்ரிக் அளவில் அதன் சுருக்கம்: 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், அத்துடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் 1 மணி நேரம். எடுத்துக்காட்டாக, போக வர 8 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 100 மீட்டர் எனக் கொள்வோம். 8 கிலோமீட்டருக்கு 96 நிமிடம், ஏற்றத்துக்கு 10 நிமிடம், ஆக 106 நிமிடம். இது குளிர்நாட்டில் பழகிய நடையருக்கான கணக்கு. நம் வெயிலுக்கும் பழக்கமின்மைக்கும் பாதி நேரம் கூட்டினால் ஏறத்தாழ 160 நிமிடம். குகையில் செலவிடும் நேரம், ஓய்வு ஆகியவற்றையும் சேர்த்து நான்கு மணி நேரம் ஒதுக்குவது நல்லது. காலை 7 மணிக்குள் நடக்கத் தொடங்கினால் உச்சி வெயிலுக்கு முன் ஊர் திரும்பலாம்.

இடர்களும் முன்னேற்பாடும்

வெயில்: ஒருவருக்கு இரண்டு அல்லது மூன்று லிட்டர் நீர் தேவை. வழியில் கிடைக்கும் என நம்பக் கூடாது. தலைவலி, குமட்டல், தடுமாற்றம் தோன்றினால் உடனே நிழலில் அமர்த்தி, உடலை நனைத்து, விசிறி, சிறிது சிறிதாக உப்புச் சர்க்கரைக் கரைசல் தர வேண்டும். பேச்சுக் குழறினாலோ நினைவு தடுமாறினாலோ அது உயிருக்கு ஆபத்தான நிலை. அப்போது வாய்வழியாக எதையும் கொடுக்காமல், உடலைக் குளிர்வித்தபடியே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

தேனீ: குகையின் மேற்கூரையில் மலைத்தேனீக்களின் பெரிய அடைகள் தொங்குவது வழக்கம். உரத்த பேச்சு, கல்லெறிதல், புகை, வாசனைத் திரவியம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். தேனீக்கள் கலைந்தால் முகத்தையும் தலையையும் துணியால் மூடிக்கொண்டு அவ்விடத்தை விட்டு விரைவாக நீங்க வேண்டும். ஒரே இடத்தில் நின்று கையை வீசுவது நிலையை மோசமாக்கும்.

பாம்பு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கும் தமிழ்நாட்டின் புதர்க்காடுகளில் வாழ்கின்றன. கணுக்காலை மூடும் காலணியும் நீளமான காற்சட்டையும் அணிய வேண்டும். பார்க்காத இடத்தில் கை வைக்கலாகாது. கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது மூன்றும் தவறு. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, 108 ஊர்திக்குத் தகவல் தந்து, நஞ்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

தீயும் குப்பையும்: காட்டில் அடுப்பு மூட்டுவதும் புகைபிடிப்பதும் கூடாது. எலுமிச்சைச் சாதமோ புளியோதரையோ எவர்சில்வர் டப்பாவில் கட்டிக்கொண்டு போனால் நெகிழிக் குப்பை சேராது. கொண்டுசென்ற அனைத்தையும் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

தகவல்: காட்டினுள் கைப்பேசி இணைப்பு நம்பத்தக்கதன்று. எங்குச் செல்கிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துச் செல்வது பழைய முறையாயினும் இன்றும் சிறந்தது. குழுவில் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே குழுவின் வேகமாக இருக்க வேண்டும்.

அருகில் காணத்தக்கவை

பூண்டியில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் உள்ளது. 1985-இல் தொடங்கப்பட்ட இங்கு இப்பகுதியின் கற்கருவிகள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. மாணவர்கள் மலைக்குச் செல்லும் முன் இதனைப் பார்ப்பது பயன் தரும். கைக்கோடரி, பிளக்கும் கருவி, சுரண்டி ஆகியவற்றின் வடிவங்களைக் கண்ணாடிப் பேழையில் ஒருமுறை பார்த்தவருக்கு, மலைப்பாதையில் காலில் இடறும் கற்கள் வேறு வகையில் தெரியும். நீர்த்தேக்கத்தில் குளிர்காலத்தில் நீர்ப்பறவைகளைக் காணலாம். திங்கட்கிழமை பள்ளிக்குத் திரும்பும் மாணவர், பார்த்த பாறை, செடி, பறவை, நடந்த நேரம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தால், நிலவியல், வரலாறு, கணக்கு ஆகிய மூன்று பாடங்களுக்கும் அது உதவும்.